கூப்பிடுகிறவரும் எழுதுகிறவரும்

காலை ஆறு ஐம்பதுக்கு மருமகள் வாசலில் உள்ள பலகைக் கதவை வெளியிலிருந்து தாழ் போட்டுவிட்டுத் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போவாள். மாலை நான்கு நாற்பதுக்கு வந்து திறப்பாள். இடையில் ஒன்பது மணி ஐம்பது நிமிடம். அவ்வளவு நேரமும் நானும் என் பேத்தியும் உள்ளே.

தாழ் போடச் சொன்னது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முந்தைய மழைக்காலத்தில் படியில் சறுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு உடைந்து, ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் கிடந்துவிட்டு அலுமினிய வோக்கரோடு வீட்டுக்கு வந்தேன். எங்கள் லயத்து வீடுகளின் இஸ்தோப்பை, அதாவது வாசல் திண்ணையை, தாண்டினால் கான் என்கிற வடிகால். மழை பெய்தால் மேல்மலைத் தண்ணீர் முழுவதும் அந்தக் கான் வழியாகத்தான் இறங்கும். பேத்திக்கு அப்போது மூன்று வயது எட்டு மாதம். என் கட்டிலிலிருந்து அவள் ஓடினால் கானுக்குப் பதினோரு எட்டு. வோக்கரைத் தூக்கி வைத்துத் தூக்கி வைத்து நான் போனால் நாற்பது எட்டு. இந்தக் கணக்கை மருமகளிடம் சொன்ன மறுநாளே இடுப்பு உயரத்துக்கு ஒரு பலகைக் கதவு வந்தது. தாழ் வெளிப்பக்கம், அதுவும் கீழே, முழங்கால் உயரத்தில். குழந்தை உள்ளே ஸ்டூல் போட்டு ஏறிக் கையை வெளியே விட்டாலும் எட்டாது. எனக்குக் குனிய முடியாது. ஆகவே எனக்கும் எட்டாது. அதையும் யோசித்துத்தான் வைத்தாளா என்று நான் கேட்கவில்லை.

வேறு வழியும் இருக்கவில்லை. எங்கள் டிவிஷனில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவின் கூரை காற்றில் போனபிறகு யாரும் அதைத் திருப்பிப் போடவில்லை. மகன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிற்கிறான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து இரண்டு நாள் தூங்கிவிட்டுப் போவான். பக்கத்துக் காம்பராவில் கொழுந்து எடுத்து ஓய்ந்த ஒரு அம்மாள் இருக்கிறாள். அவள் பத்து மணிக்கு ஒருமுறை, ஒரு மணிக்கு ஒருமுறை வந்து தாழைத் திறந்து, என்னைக் கழிவறைக்குக் கூட்டிப் போய், திரும்பக் கொண்டுவந்து விட்டு, தாழ் போட்டுவிட்டுப் போவாள். குழந்தைக்கு உள்ளேயே ஒரு பிளாஸ்டிக் வாளி. மருமகள் வீட்டில் இருக்கும் நாளில் வாளி கிடையாது, குழந்தையும் வெளியே கழிவறைக்குத்தான் போவாள்.

காம்பரா என்பது ஒரே அறை, பன்னிரண்டு அடிக்குப் பத்தடி. ஒரு ஜன்னல். ஜன்னலில் நின்றால் கீழே ரோட்டு வளைவில் கொழுந்து நிறுக்கும் மடுவம் தெரியும். அந்த மடுவத்தில் நான் முப்பத்தொரு வருடம் கணக்கப்பிள்ளையாக நின்றேன். இப்போது நாளுக்கு மூன்று முறை, நிறுவை நடக்கும்போது, அங்கே கூப்பிடும் எண்கள் மேலே வந்து என் காதில் விழும். எழுதத்தான் முடியாது.

பேத்தி பேசுவதில்லை. காது கேட்காதோ என்று ஹட்டன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். டாக்டர் சிங்களத்தில் சொன்னதை மருமகள் வந்து எனக்குச் சொன்னாள். காதில் ஒரு குறையும் இல்லை, வீட்டில் நிறையப் பேச்சுக் கொடுங்கள், அவ்வளவுதான்.

பேச்சுக் கொடுப்பதில் நான் குறை வைக்கவில்லை. மிச்சமிருந்த ஒரு பழைய கொப்பியை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கத்துக்குக் 'காது' என்று தலைப்பு, வலப்பக்கத்துக்கு 'வாய்'. "பந்து எங்க?" என்பேன். கொண்டுவருவாள். "சீப்பு எங்க?" கொண்டுவருவாள். "தாத்தாவோட கண்ணாடி எங்க?" அது என் நெற்றியிலேயே இருக்கும், ஏறித் தொட்டுக் காட்டுவாள். காதுப் பக்கம் தொண்ணூற்று நான்கு சொற்கள் சேர்ந்தன. வாய்ப் பக்கமும் காலி இல்லை. நான் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்வாள். "தண்ணி சொல்லு" என்றால், "தண்ணி சொல்லு" என்பாள், என் குரலில் உள்ள எரிச்சலோடு சேர்த்து.

"'சொல்லு'வ சொல்லாத, பாப்பா."

"சொல்லாத பாப்பா."

அப்படி முப்பத்தொரு சொற்கள். ஆனால் தண்ணீர் வேண்டும்போது தண்ணீர் என்று சொல்லமாட்டாள். போத்தலைக் கையில் கொடுத்து "இது என்ன?" என்று கேட்டால், "இது என்ன?" என்று என்னையே கேட்பாள். காதால் அறிந்த தண்ணீர் ஒன்று, வாயால் சொல்லும் தண்ணீர் வேறொன்று. இரண்டும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை.

இரட்டை லயத்தில் இருந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வரிசைக் காம்பராக்கள், நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கத்துக்காரர் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். ஆனால் அவர் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் லயத்தையே சுற்றிக்கொண்டு போக வேண்டும். என் பேத்தியின் காது இந்தப் பக்கக் காம்பராவிலும் வாய் அந்தப் பக்கக் காம்பராவிலும் குடியிருந்தன.

மற்றப் பிள்ளைகளுக்கு அந்தச் சுவரில் எப்படியோ ஒரு கதவு திறந்துவிடுகிறது. என் மகனுக்கு இரண்டு வயதில், மழையில் வந்த ஒருவர் இஸ்தோப்பில் குடையை வைத்துவிட்டு, "குடை நனைஞ்சு போச்சு" என்றார். ஒரே ஒரு தடவை. யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, கேட்கவும் இல்லை. அடுத்த நாள் வேறு யாருடைய குடையையோ பார்த்து "கொட" என்றான். காதில் விழுந்தது தானாகவே வாய்க்கு வந்துவிட்டது. அப்போது அது எனக்கு ஆச்சரியமாகத் தெரியவில்லை. எல்லாரும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

நவம்பரில் நர்சரி டீச்சர் புது வருடத்துக்குப் பிள்ளைகளின் பெயர் எழுத லயம் லயமாக வந்தாள். எங்கள் தோட்டத்துப் பெண்தான், சின்ன வயது. பலகைக் கதவுக்கு வெளியே குடையோடு நின்றாள். பக்கத்தில் மருமகள். நான் உள்ளே, வோக்கரைப் பிடித்தபடி. பேத்தி என் காலுக்குப் பின்னால்.

"பேரு என்ன பாப்பா?" என்றாள் டீச்சர்.

நான் பெயரைச் சொன்னேன்.

"நீங்க சொல்லாதீங்க தாத்தா. புள்ள சொல்லட்டும்."

"அவளுக்கு எல்லாம் வெளங்கும் டீச்சர். தொண்ணூத்தி நாலு சாமான் தெரியும். எதையாவது கேட்டுப் பாருங்க, எடுத்துட்டு வருவா."

"வெளங்குறது நல்லதுதாங்க. ஆனா எங்கிட்ட இருபத்தாறு புள்ளைக, நான் ஒருத்தி. ஒன்னுக்கு வந்தா வாயத் தொறந்து சொல்லணும். அது மட்டும் போதும். பாட்டு, கதையெல்லாம் நான் பாத்துக்கிறேன்."

"சொல்லலைன்னா?"

"வருசக் கடைசியில இன்னொருக்கா வாரேன். இல்லாட்டி அடுத்த வருசம் சேத்துக்குவோம் தாத்தா. எங்க போயிறப் போகுது?"

எங்கும் போகாது என்பதுதான் பிரச்சினை. டீச்சர் போனபிறகு மருமகள் தலைத் துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டே சொன்னாள்: "இன்னொரு வருசம் இப்படி ஓட்ட முடியாது மாமா. புள்ள கதவு மேல ஏறப் பழகிட்டா. நான் மலையில நிக்கிறப்ப கையிதான் கொழுந்துல இருக்கு, மனசு கான்ல இருக்கு. நர்சரியில எடுக்கலைன்னா நான் வேலைய விட்டு நிக்கிறதுதான்."

காம்பரா தோட்டத்தில் வேலை செய்கிறவருக்குத்தான்; அவள் வேலையை விட்டால் இந்த லயத்தில் எங்களுக்கு இடம் எத்தனை நாள் என்பது தெரியாது. அதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வருடக் கடைசிக்கு நாற்பத்தொரு நாள் இருந்தது. அதை மட்டும் எண்ணிச் சொன்னேன்.

மறுநாளே பயிற்சி ஆரம்பமாகியது. காலையில் இருபது சாமான், மதியம் இருபது. "எங்க?" என்று ஒரு சுற்று, "சொல்லு" என்று ஒரு சுற்று. ஒவ்வொன்றுக்கும் கொப்பியில் ஒரு கோடு. பதினெட்டாம் நாள் காதுப் பக்கம் நூற்று ஏழு ஆகியிருந்தது. வாய்ப் பக்கம் நாற்பது. அவளாகச் சொன்னது பூஜ்யம். நான் சத்தம் போட்டேன். அவள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். குனிந்து இழுக்க என்னால் முடியாது. கட்டிலின் மேலே நான், கீழே அவள். வெளியே மழை. தாழ் போட்டபடி இருந்தது.

பத்து மணிக்குப் பக்கத்துக் காம்பரா அம்மாள் தேத்தண்ணியோடு வந்தாள். கதவுக்கு மேலாகக் கோப்பையை நீட்டிக்கொண்டே, "இதுல காவக்காரன் யாரு, கைதி யாருன்னு எனக்கு இன்னும் புடிபடல" என்றாள்.

"கேலி பண்ணாத. இன்னும் இருபத்திமூணு நாள்தான் இருக்கு. சொல்லிக் குடுத்துச் சொல்லிக் குடுத்து என் தொண்டை போச்சு."

"நானும் சொவத்துக்கு அங்கிட்டு இருந்து கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். எங்க எங்க எங்க, சொல்லு சொல்லு சொல்லு. ஏங்க கணக்கப்புள்ளையய்யா, புள்ள எப்பத்தான் பேசுறது?"

"நான் கேக்குறப்ப பேச வேண்டியதுதானே?"

"நீங்களே கூப்புட்டு நீங்களே எழுதிக்கிறீங்க. அன்னைக்கி மடுவத்துல நான் சாக்க எறக்கி வச்சுட்டு நின்னேனே, நெனவிருக்கா?"

நினைவில்லாமல் இருக்குமா? மடுவத்தில் ஒரு வழக்கம் உண்டு. மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு தராசைப் பார்த்து நிறையைக் கூப்பிடுவார். கணக்கப்பிள்ளை அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுத வேண்டும். "பதினாலு!" "பதினாலு!" இரண்டு வாயிலிருந்தும் ஒரே எண் வந்தால்தான் கொழுந்துக்காரி தராசிலிருந்து சாக்கை எடுப்பாள். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் கூப்பிடுகிறவர் ஒருவர், எழுதுகிறவர் இன்னொருவர் என்பது அவர்களுக்கு அவ்வளவு முக்கியம். ஒருநாள் கண்டாக்கு எங்கோ போய்விட்டார். மழை வேறு. நேரம் போகிறதே என்று நானே தராசைப் பார்த்து, நானே கூப்பிட்டு, நானே எழுத ஆரம்பித்தேன். மூன்றாவதாக நின்றவள் இந்த அம்மாள்தான். அப்போது வயது முப்பதுகூட இருக்காது. தலையிலிருந்த சாக்கைக் கீழே வைத்துவிட்டு, "கூப்புட ஆளு வரட்டும்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் நாற்பத்துமூன்று பேரும் சாக்கை இறக்கினார்கள். முப்பத்தைந்து நிமிடம் எல்லாரும் மழையில் நின்றோம்.

"நெனவிருக்கு" என்றேன்.

"புள்ளயும் அப்படித்தான். சாக்க எறக்கி வச்சுட்டு நிக்கிது."

சொல்லிவிட்டுக் காலிக் கோப்பையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மதியமெல்லாம் எனக்கு அதே யோசனை. அவள் சொன்னது நியாயம். கேள்வி கேட்பது நான், பதில் இன்னது என்று தீர்மானிப்பது நான், கோடு போடுவதும் நான். குழந்தை என்ன சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை. தண்ணீர் எப்படியும் வரும். அவள் முகத்தைப் பார்த்தே நான் எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். அப்படியென்றால் அவள் ஏன் கூப்பிட வேண்டும்? சரி, இனி அவள் கூப்பிடட்டும், நான் எழுதுகிறவனாக இருக்கிறேன் என்று முடிவு செய்தேன். முடிவு சரிதான். அதை நான் செய்த விதம்தான் கெட்டது.

மறுநாள் தண்ணீர்ப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். அவள் வந்தாள், போத்தலைக் காட்டினாள். நான் அசையவில்லை. இழுத்தாள். விடவில்லை. என் கையை எடுத்து மூடியின் மேல் வைத்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அழ ஆரம்பித்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நிமிடங்களை எண்ணினேன். ஏழாவது நிமிடத்தில் அவள் குரல் கம்மிப்போய், அழுகையில் சத்தமே இல்லாமல் வாய் மட்டும் திறந்திருந்தது. அப்போதும் நான் கொடுக்கவில்லை. எட்டாவது நிமிடத்தில் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்.

அன்று மழை கனத்ததால் மலையிலிருந்து சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். மருமகள் கதவுக்கு வெளியே நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. தாழைத் திறந்து, இடுப்பில் கட்டிய நனைந்த படங்குச் சீலையோடு உள்ளே வந்து, என் மடியிலிருந்த போத்தலை எடுத்துக் குழந்தைக்குக் கொடுத்தாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"பேச்சு வேணாம் மாமா. எனக்குப் புள்ள போதும்."

"நான் எதுக்குச் செய்யிறேன்னு..."

"எதுக்குன்னாலும் வேணாம். நாளையிலேருந்து 'எங்க?'ன்னும் கேக்க வேணாம், 'சொல்லு'ன்னும் சொல்ல வேணாம். சும்மா இருங்க."

சும்மா இருந்தேன். கோபத்தில்தான் இருந்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். கொப்பியைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். குழந்தைக்குச் சோறு போட்டேன், முகம் துடைத்துவிட்டேன், வாளியைக் காட்டினேன், எல்லாம் வாயைத் திறக்காமல். ஒன்பது நாள் விடாமல் மழை. ஒன்பது நாளும் அந்தப் பன்னிரண்டு அடிக்குப் பத்தடியில் இரண்டு பேர், ஒரு சொல் இல்லை. பக்கத்துக் காம்பரா அம்மாள் மட்டும், "என்னங்க, ரெண்டு பேருமா நோம்பு?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கூரைத் தகரத்தில் மழை விழும் சத்தத்தையும் கீழேயிருந்து வரும் நிறுவைச் சத்தத்தையும் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. அவள் தினமும் ஒரு பெட்டியின் மேல் ஏறி ஜன்னலில் நின்று மடுவத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அது ஒரு நிம்மதி. கண்முன்னால் இருக்கிறாள் என்பதைத் தவிர வேறெதையும் நான் அதில் காணவில்லை.

பத்தாம் நாள், மதிய நிறுவை முடிந்த நேரம். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். மூலையில், கிழங்கு கொட்டி வைத்திருக்கும் இடத்தில், மெல்ல ஒரு குரல் கேட்டது.

"வை."

திரும்பவில்லை. தலையை மட்டும் கொஞ்சம் சாய்த்தேன். அவள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு பால்மா டின். ஒரு கிழங்கை எடுத்து டின்னுக்குள் வைத்தாள்.

"ஏழு" என்றாள், நீட்டி, கண்டாக்கு கூப்பிடுவதுபோல.

பிறகு தாழ்ந்த குரலில், வறண்டு, "ஏழு." அது என் குரல். கீழே கூப்பிடும் எண்களை நான் எனக்குள் முணுமுணுத்துக்கொண்டே இருப்பேன் என்று அதுவரை எனக்குத் தெரியாது. விரலால் தரையில் ஒரு கோடு போட்டாள்.

"எடு."

கிழங்கை எடுத்து அந்தப் பக்கம் வைத்தாள். அடுத்த கிழங்கு. வை. எட்டு. எட்டு. எடு.

கேட்டதைத் திரும்பச் சொல்கிறாள், வேறொன்றுமில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். எண்கள் கீழேயிருந்து வந்தவைதானே? ஆனால் 'வை'யும் 'எடு'வும் வேறு விதமாக இருந்தன. ஐந்தாவது கிழங்கோ ஆறாவது கிழங்கோ, "எடு" என்று சொன்னாள், கை அசையவில்லை. வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து தன் கையைப் பார்த்து, சொன்னதைக் கேட்காத பிள்ளையிடம் சொல்வதுபோல, "எடு" என்றாள் மறுபடி. கை எடுத்தது.

சொன்னது அவள். கேட்டதும் அவள். கேட்டுச் செய்ததும் அவளே.

அவள் எல்லாக் கிழங்கையும் நிறுத்து முடித்துவிட்டு, "தண்ணி" என்றாள். யாரும் "சொல்லு" என்று சொல்லவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. எழுந்தாள், போத்தலை எடுத்து வந்தாள், முதலில் ஒரு கிழங்கின் மேல் கொஞ்சம் ஊற்றினாள், பிறகு தான் குடித்தாள்.

கூப்பிடுகிறவரும் எழுதுகிறவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்று முப்பத்தொரு வருடம் நின்ற இடத்தில் நான் கற்றிருந்தேன். பக்கத்துக் காம்பரா அம்மாளும் அதைத்தான் சொன்னாள். மடுவத்துக்கு அது சரி. ஆனால் பேச்சு என்பதே ஒரே ஆள் கூப்பிட்டு, அதே ஆள் காதால் கேட்டு, அதே ஆள் சரிதான் என்று எடுத்துக்கொள்வதுதான் போலிருக்கிறது. அதை அவள் மூலையில் திரும்பி உட்கார்ந்து, எங்கள் யாருக்கும் தெரியாமல் செய்துகொண்டிருந்தாள். எத்தனை நாளாகவோ. நான் வாயை மூடாமல் இருந்திருந்தால் எனக்குக் கேட்டே இருக்காது.

கொப்பியை எடுக்கத் தலையணைக்கு அடியில் கை போனது. திரும்ப எடுத்துக்கொண்டேன். நான் எழுதுவதை அவள் பார்த்தால் நின்றுவிடுவாளோ என்று பயம்.

மருமகளிடம் அன்று மாலை சொன்னேன். குழந்தையை மடியில் வைத்து, "தண்ணி கேளு பாப்பா, அம்மாகிட்டச் சொல்லு" என்றாள். "அம்மாகிட்டச் சொல்லு" என்றது குழந்தை. மருமகள் என்னைப் பார்த்தாள். வயதானவர் எதையோ கேட்டுவிட்டுச் சொல்கிறார் என்று அந்தப் பார்வையில் இருந்தது. அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொல்லவில்லை. மிச்சமிருந்த நாட்களில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு கேட்டேன். ஒரு நாள் ஏழு சொல், ஒரு நாள் பன்னிரண்டு, ஒரு நாள் ஒன்றுமில்லை. எல்லாம் கிழங்குகளிடமும் தன் கைகால்களிடமும்தான். மனிதர்களிடம் ஒன்றுகூட இல்லை. டீச்சர் கிழங்கு இல்லையே என்று கவலைப்பட்டேன்.

டீச்சர் சொன்னபடி வருடக் கடைசியில் வந்தாள். மருமகள் அரைநாள் லீவு போட்டுவிட்டு வெளியே இஸ்தோப்பில் நின்றாள். கான் நிறைந்து ஓடியதால் கதவு தாழ் போட்டபடியே இருந்தது. பக்கத்துக் காம்பரா அம்மாளும் வேடிக்கை பார்க்க வந்து தூணில் சாய்ந்துகொண்டாள். நான் கட்டிலில். பேத்தி மூலையில், கிழங்குகளோடு.

"பாப்பா, இங்க வாங்க. பேரு என்ன சொல்லுங்க பாப்போம்."

அவள் ஒரு கிழங்கை உருட்டினாள். பெயர் என் நாக்கு நுனியில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ஒன்னுக்கு வந்தா டீச்சர்கிட்ட என்ன சொல்லுவீங்க?"

மருமகள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். நான் எனக்குள் எண்ண ஆரம்பித்தேன். பத்து வரை எண்ணினேன். பதினைந்து வரை எண்ணினேன். டீச்சர் கொப்பியை மூடி, பேனாவைக் கொப்பிக்குள் செருகினாள். "பரவால்ல அக்கா. அடுத்த வருசம்..."

"ஒன்னுக்கு" என்றது மூலை.

குழந்தை எங்களைப் பார்க்கவில்லை. கால்களை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எந்திரி" என்றாள். எழுந்தாள். அம்மா வீட்டில் இருப்பதால் வாளியின் பக்கம் போகவில்லை. நேரே பலகைக் கதவுக்கு வந்தாள். பலகையில் இரண்டு கையையும் வைத்தாள். தள்ளிப் பார்த்தாள். பிறகு அந்தப் பலகையிடம், அதன் ஆணி அடித்த இடத்தைப் பார்த்து, தெளிவாகச் சொன்னாள்:

"தொற."

மருமகள் அசையவில்லை. அவளால் முடியவில்லை என்று நினைக்கிறேன். டீச்சர்தான் குடையை விட்டுவிட்டுக் குனிந்து தாழை இழுத்தாள். குழந்தை டீச்சரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு வெளியே போனாள். மருமகள் பின்னாலேயே ஓடினாள்.

"கதவுகிட்டல்ல சொல்லுச்சு" என்றாள் பக்கத்துக் காம்பரா அம்மாள். அவளுக்கு எதையும் சும்மா விட முடியாது.

"தொறந்தது நான்தானே. அப்ப எங்கிட்டத்தான்" என்று சொல்லிக்கொண்டே டீச்சர் கொப்பியைத் திறந்தாள். என்னைப் பார்த்து, "தாத்தா, இப்பப் பேரச் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். பேனாவை எடுப்பதற்குள் சொல்லிவிட்டேன் என்று இரண்டாம் முறை சொன்னேன். இருபத்தேழாவது பெயராக எழுதிக்கொண்டாள்.

ஜனவரியில் நர்சரி திறந்த அன்று, மருமகள் வழக்கம்போல மலைக்குப் போய்விட்டாள். பக்கத்துக் காம்பரா அம்மாள்தான் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனாள். அறுபத்துநான்கு படி. படி ஒவ்வொன்றிலும் அவர்கள் காலடிச் சத்தத்தை எண்ணினேன். முப்பத்தெட்டுக்குப் பிறகு கேட்கவில்லை. கதவைப் பார்த்தேன். பழக்க தோஷத்தில் அந்த அம்மாள் தாழைப் போட்டுவிட்டுப் போயிருந்தாள். ஓடுவதற்கு உள்ளே யாருமில்லை. எனக்குக் குனியவும் முடியாது.

முதல் நிறுவை வந்தது. கீழே "ஒன்பது!" என்று கூப்பிட்டார்கள். "ஒன்பது" என்றேன், காலிக் காம்பராவில். என் குரல் எனக்குக் கேட்டது. மூலையில் கிழங்குகள் வரிசையாக இருந்தன. கழிவறைக்குப் போக வேண்டும்போல் இருந்தது. பத்து மணிக்கு வருகிறவள் நர்சரி வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள், முதல் நாள் அல்லவா. பத்து அடித்தது. பதினொன்று அடித்தது. வோக்கரோடு கதவு வரை போய், திரும்பி வந்து உட்கார்ந்தேன். வாளியைப் பயன்படுத்தலாமா என்று பார்த்தேன். அதை இங்கே எழுதுவது வெட்கம்தான். ஆனால் அன்றைய நாளை எழுதும்போது அதை விட்டுவிட்டு எழுத முடியாது.

பதினொன்று ஐம்பதுக்குப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. இரண்டு சோடி, ஒன்று முன்னால் ஓடிவந்தது. பலகைக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. பலகைக்குக் கீழே உள்ள இடைவெளியில் புதுச் சப்பாத்து இரண்டு வந்து நின்றன.

"தொற" என்று கேட்டது.

அந்த அம்மாள் இன்னும் கீழே, மூச்சு வாங்கிக்கொண்டு, "இரும்மா, வாரேன், ஓடாத" என்று கத்திக்கொண்டிருந்தாள். தாழ் சரக்கென்று இழுபட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளேயிருப்பவர்களுக்கு எட்டக்கூடாது என்று முழங்கால் உயரத்தில் வைத்த தாழ், வெளியே நிற்கும் மூன்றரை அடிக்காரிக்கு இடுப்புக்கு நேரே இருக்கிறது. இத்தனை நாள் கணக்குப் போட்டும் அந்தப் பக்கத்திலிருந்து நாங்கள் யாரும் அளந்து பார்க்கவில்லை.

கதவு திறந்தது. அவள் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று, வோக்கரையும் என்னையும் பார்த்தாள். கிழங்குகளின் பக்கம் அவள் கண் போகவில்லை.

"எந்திரி" என்றாள்.

அது அவளுக்கு அவளே சொன்னது அல்ல, எனக்குச் சொன்னது. அவளுக்குப் பின்னால் கான் ஓடிக்கொண்டிருந்தது. இனித் தாழை எவ்வளவு உயரத்தில் மாற்றி அடிப்பது, மருமகளிடம் எப்படிச் சொல்வது என்று மனம் அதற்குள் கணக்கை ஆரம்பித்துவிட்டது. வோக்கரைப் பிடித்து எழுந்தேன்.